டாட்ஜ் டபிள்யூ.சி. 52 மிலிட்டரி வண்டி: மலை இறக்கத்துக்கு ஏற்ற மாதிரி பிரேக் முழுசும் புதுப்பிக்க என்னென்ன செய்யணும்?

ஏலக்காட்டு டாட்ஜ்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டாட்ஜ் டபிள்யூ.சி. 52, முக்கால் டன், முன்னால் வின்ச் உள்ளது. இடப்பக்க ஸ்டியரிங், 6 வோல்ட். நிற்பது நெடுங்கண்டம் பக்கம். எஞ்சின், கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. பிரேக் நிலவரம் இது:

பெடல் தரை வரை போகுது. பின்சக்கரம் இரண்டும் கையால் சுற்றினால் பிடித்துப் பிடித்துத்தான் சுற்றுது. வலது பின்சக்கரத்தின் உள்பக்கம், தட்டிலும் டயரிலும் ஈரம். சேஸி ஓரமாகப் போகும் பைப் முழுக்கத் துரு பொரிந்து கிடக்கு. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவைத் திறந்தால் அடியில் கறுப்புக் கசடு.

இங்கே உள்ள மெக்கானிக் சேட்டன், நாலு வீலுக்கும் கிட் (சிலிண்டருக்குள் போகும் ரப்பர் செட்) மாற்றி ஏர் எடுத்தால் போதும் என்கிறார். வண்டி மாதம் ஒரு தடவையாவது பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கி ஏறணும். கிட் மட்டும் போதுமா? எந்த பிரேக் ஆயில் ஊற்றலாம்? இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடுவது புத்திசாலித்தனமா?

போடி பட்டறை:

தம்பி, கிட் மட்டும் போதாது. காரணத்தைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

இந்த வண்டியில் ஒரே சர்க்யூட். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒரே ஆயில்தான் நாலு சக்கரத்துக்கும் போகிறது. கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் கிடையாது. எங்கேயாவது ஒரு பைப் விட்டால் நாலு சக்கரமும் ஒரே நொடியில் போய்விடும். நாலு வீலுக்கும் புதுக் கிட் போட்டால் அழுத்தம் முழுசாக ஏறும். அந்த அழுத்தத்தைத் துருப்பிடித்த பைப் தாங்க வேண்டும். ஒழுகிக்கொண்டிருந்த கிட்தான் அந்தப் பைப்பை இத்தனை நாள் காப்பாற்றியது என்று வைத்துக்கொள். கிட் மாற்றி நாலாவது நாள் பைப் வெடிப்பது இதனால்தான்.

அடுத்தது இறக்கம். 3 டன் எடை 1000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் சக்தி சுமார் 29 மெகாஜூல். அதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் டிரம்மில் ஏறுவது 0.42 மெகாஜூல்தான். அதாவது மலை இறங்கி முடிப்பதற்குள் 70 தடவை முழு பிரேக் அடித்த சூடு. பாதிக்கு மேல் எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், மீதியை டிரம் தாங்க வேண்டும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஓரளவு போதும் என்கிற வேலை, இந்த ரோட்டுக்குப் போதாது.

ஆக மாற்ற வேண்டியவை: எல்லா ரப்பரும், எல்லா ஹோஸும், எல்லா பைப்பும், லைனிங், ஆயில் சீல். அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டியவை: மாஸ்டர், வீல் சிலிண்டர், டிரம். இதில் எதையும் பாதியில் விடாதே.

பிரித்துப் போடும் முன் நாலு எச்சரிக்கை.

ஒன்று: இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்டின் தலையில் உள்ள டிரம்மைச் சுற்றி பட்டையாகப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் டிஃப்ரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றும், வண்டி உருளும். ஆக்சில் ஷாஃப்டை உருவினாலும் அதே கதிதான். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஜாக்கி மேலேயே வேலை செய்யாதே, ஸ்டாண்ட் கொடு.

இரண்டு: இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை. வலப்பக்கம் சாதா மரை. இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு எதிர்த்திசையில் முறுக்கி ஸ்டட்டை ஒடிப்பது வாடிக்கையாக நடக்கிறது.

மூன்று: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள். டிரம்மைக் கழற்றியதும் கம்பிரசர் காற்று அடிக்காதே. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடு கவரில் கட்டிப் போடு. முகத்துக்கு வடிகட்டி உள்ள மாஸ்க் போடு, கைக்குட்டை போதாது.

நான்கு: கழற்றும் முன் ஒவ்வொரு ஷூ, ஸ்பிரிங், சிலிண்டரையும் போட்டோ எடு. முன் ஷூவும் பின் ஷூவும் ஒன்றல்ல, லைனிங் நீளம் வேறு. வீல் சிலிண்டரின் இரு முனை விட்டமும் வெவ்வேறாக இருந்தால், எது முன்பக்கம் என்று உளியால் ஒரு புள்ளி குத்தி வை.

லேத் உக்கடம்:

சிலிண்டர் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. பழைய கப் வாஷரின் (பிஸ்டனுக்கு முன்னால் உள்ள கிண்ண வடிவ ரப்பர்) முதுகில் இன்ச் அளவு அச்சில் இருக்கும். அதை மட்டும் நம்பாமல், சுத்தம் செய்த பின் போர் கேஜ் விட்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஏற்கெனவே யாராவது பெரிசாக்கியிருப்பார்கள்.

கழுவுவது ஸ்பிரிட்டில், அல்லது புது பிரேக் ஆயிலில். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஆயில் எதுவும் இந்தச் சிஸ்டத்துக்குள் போகக் கூடாது. பிரேக் கப் ரப்பர் கனிம எண்ணெயைக் குடித்து உப்பும். உப்பிய கப் மாஸ்டருக்குள் திரும்பி வராது, பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்கும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. மூலையில், துளையில் தங்கும் சொட்டு போதும்.

போரில் லேசான கறை, மங்கல் இருந்தால் மூன்று கல் உள்ள ஹோன் (போரின் உள்சுவரைத் தேய்க்கும் கருவி) போட்டு, பிரேக் ஆயிலையே ஊற்றி, மெதுவான வேகத்தில் மேலும் கீழும் இழுக்கவும். விரல் நகம் மாட்டும் குழி இருந்தால் ஹோன் வேலைக்கு ஆகாது. குழி பெரும்பாலும் போரின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், தண்ணீர் அங்கேதான் தங்குகிறது. ஹோன் செய்த பிறகு பிஸ்டனை உள்ளே விட்டு 0.005 இன்ச் ஃபில்லர் தகடு பக்கத்தில் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்த சிலிண்டர் தேய்ந்தது. அந்த இடைவெளியில் அழுத்தம் கப்பின் பின்விளிம்பைத் தள்ளிக் கடித்துவிடும்.

தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டாம். இந்த மாதிரி வார்ப்பு இனி எளிதில் கிடைக்காது. லேத்தில் பெரிசாகக் கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள்குழாய்) இறுக்கமாக ஏற்றி, உள்விட்டத்தைப் பழைய அளவுக்கே ஹோன் செய்துவிடலாம். வார்ப்பிரும்பு மாதிரி இது மறுபடி துருப்பிடிக்காது. பித்தளை ஸ்லீவும் போடலாம். மாஸ்டருக்கு ஸ்லீவ் போட்டால் ஒரு வேலை கூடும்: டப்பாவிலிருந்து போருக்கு இறங்கும் இரண்டு துளைகளையும் ஸ்லீவில் மறுபடி போட வேண்டும். முன்பக்கம் உள்ள சின்னத் துளை, ஊசி அளவு இருக்கும். அதைப் பழைய அளவிலேயே போட்டு, உள்பக்க விளிம்பைப் பிசிறு இல்லாமல் மழுக்க வேண்டும். பிசிறு இருந்தால் ஒவ்வொரு மிதிப்புக்கும் கப்பின் உதடு சீவுப்படும்.

அந்தச் சின்னத் துளைதான் இந்த வண்டிக்காரர் கேட்ட பின்சக்கரப் பிடிப்புக்கு முதல் சந்தேகம். பெடலை விட்டதும் சூடேறி விரிந்த ஆயில் அது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். அடைத்திருந்தால் வழியில்லை, பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டே போகும். மெல்லிய கிதார் கம்பி விட்டுத் துளை திறந்திருப்பதை உறுதி செய்யுங்கள். டிரில் பிட் விடாதீர்கள்.

பழைய சரக்கு என்று எண்ணெய்த்தாளில் சுற்றிய ராணுவ கிட் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். திறக்காத பாக்கெட்டாக இருந்தாலும் ரப்பர் உள்ளேயே இறுகிப் போயிருக்கும். அதே இன்ச் அளவில் இன்று வரும் கப் வாங்குங்கள். பழைய மஹிந்திரா ஜீப் வரிசைக்கு வரும் கிட்டில் இன்ச் அளவுகள் கிடைக்கும். கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய கப்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் கப் தடிமன், உதட்டு வடிவம் பார்த்துப் பொருத்தம் சொல்வார்கள். பிஸ்டனில் துரு இருந்தால் அலுமினியத்திலோ பித்தளையிலோ புதுசு கடைந்துகொள்ளலாம்.

கம்பம்மெட்டு:

பைப்புக்குச் செம்புக் குழாய் போட்டால் என்ன? துருவே பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். இங்கே தோட்டத்து ஜீப்புகளில் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள்.

குமுளி கியர்:

வேண்டாம் அண்ணே. சுத்தச் செம்பு அதிர்வில் இறுகும். இறுக இறுக நொறுங்கும் தன்மை வரும். வெடிப்பது ஃபிளேரின் (குழாய் முனையை விரித்த இடம்) கழுத்தில், நட்டுக்குள் மறைந்த இடத்தில். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அதோடு கடையில் கிடைப்பது ஏசி, ஃபிரிட்ஜ் வேலைக்கான குழாய், பிரேக் அழுத்தத்துக்கான தடிமன் அதில் இல்லை. ஜீப்பில் இத்தனை வருஷம் நின்றது என்பதை ஒற்றை சர்க்யூட் லாரிக்குச் சான்றாக எடுக்க முடியாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, இரட்டைச் சுவர் பண்டி டியூப். இரும்புத் தகட்டை இரண்டு சுற்று சுற்றி உள்ளே செம்பால் பற்றவைத்தது, துத்தநாக முலாம் பூசியது. இன்னொன்று செம்பு–நிக்கல் கலவைக் குழாய், 90க்கு 10. விலை கூடும், துரு கிடையாது, ஃபிளேர் அழகாக வரும். மழை ஆறு மாதம் பெய்யும் ஊரில் நிற்கும் வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 25 அடி சுருள் ஒன்று, பிசகினால் வெட்டிப் போட இன்னும் 5 அடி.

ஃபிளேர் விஷயத்தில் கவனம். அமெரிக்க வண்டி என்பதால் 45 டிகிரி இரட்டை ஃபிளேர். இப்போதைய கார்களுக்கு வரும் குமிழ் ஃபிளேர் இதில் உட்காராது, உட்கார்ந்த மாதிரி தெரியும், அழுத்தம் வந்ததும் ஒழுகும். ஒற்றை ஃபிளேர் போட்டால் விளிம்பு பிளக்கும். நட்டு மரை: 3/16 இன்ச் குழாய்க்கு 3/8-க்கு 24 மரை, கால் இன்ச் குழாய்க்கு 7/16-க்கு 24 மரை. 10 மி.மீ. மெட்ரிக் நட்டு 3/8 துளைக்குப் பொருந்தாது, பலவந்தமாக ஏற்றினால் மரையைக் கெடுக்கும். கையால் முழுசும் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

குழாயைக் குழாய் வெட்டியால் வெட்டுங்கள், ஹாக்சா வேண்டாம். உள்பிசிறை நீக்கி, நட்டை முதலில் கோத்து, அப்புறம் ஃபிளேர். நட்டைக் கோக்க மறந்து ஃபிளேர் அடித்தால் அந்த முனை வீண். முடிந்ததும் ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காற்றடித்து இரு முனையையும் அடைத்து வையுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அடைப்பு ஃபிளேரின் முகத்தில் நடக்கிறது, மரையில் இல்லை. கிழிந்த டேப் துணுக்கு நேராக மாஸ்டரின் வால்வுக்குள் போய் உட்காரும்.

ஹோஸ்: வெளியே வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். உள்சுவர் உப்பி ஒருவழி வால்வு மாதிரி ஆகிவிடும். மிதிக்கும்போது கால் பலத்தில் ஆயில் போகும், விட்டதும் திரும்பாது. பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பிடிக்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஹோஸ் பின் ஆக்சிலுக்கு இறங்கும் அந்த ஒன்றுதான். மாஸ்டர் துளை அடைத்திருந்தால் முன்சக்கரமும் பிடித்திருக்க வேண்டும். முன்சக்கரம் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஹோஸ் மாட்டும்போது சிலிண்டர் பக்கம் புதுச் செம்பு வாஷரோடு முதலில் இறுக்கி, அப்புறம் சேஸி பிராக்கெட் பக்கம் கிளிப் போட்டு, கடைசியாகப் பைப் நட்டு. மாற்றிச் செய்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசவில்லை என்று பாருங்கள்.

ஏலக்காட்டு டாட்ஜ்:

முன்சக்கரம் இரண்டும் இலகுவாகச் சுற்றுது அண்ணே.

லேத் உக்கடம்:

அப்படியானால் குமுளிக்காரர் சொன்னதுதான். பின் ஹோஸ். அல்லது வலது பின் சிலிண்டர் ஒழுகி லைனிங் ஊறி ஒட்டியிருக்கலாம், ஆனால் அது ஒரு பக்கத்தைத்தான் விளக்கும். என் முதல் சந்தேகத்தை விட்டுவிடுகிறேன், துளையைச் சுத்தம் செய்வதை மட்டும் விட வேண்டாம்.

போடி பட்டறை:

வலது பின்சக்கர ஈரத்தை மோந்து பார். பிரேக் ஆயில் மணமா, கியர் ஆயில் மணமா? கியர் ஆயில் என்றால் ஹப்பின் ஆயில் சீல் போய்விட்டது. ஃபுல் ஃபுளோட்டிங் ஆக்சில் என்பதால் ஷாஃப்ட் ஃபிளேஞ்சைக் கழற்றி, ஷாஃப்டை உருவி, பூட்டு நட்டுகளைக் கழற்றி, ஹப்போடு டிரம்மை இழுக்க வேண்டும். எப்படியும் பிரிக்கிறாய், நாலு சக்கரத்துக்கும் சீல் மாற்றிவிடு. சீல் உதடு ஓடும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும், அங்கே மெல்லிய ரிங் ஏற்ற வேண்டும்.

ஆயில் குடித்த லைனிங்கை ஊதுவிளக்கால் எரித்துச் சுத்தம் செய்வார்கள். அப்படிச் செய்யாதே. மேல்பரப்பு காய்ந்த மாதிரி இருக்கும், டிரம் சூடானதும் உள்ளிருந்து ஆயில் கசிந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றுவதும் இதே ஆபத்துதான்.

டிரம்: ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டு. மணி மாதிரி ஒலிக்க வேண்டும், பொத்தென்று கேட்டால் விரிசல். உள்ளே நீலத் திட்டு இருந்தால் சூட்டில் இறுகிய இடம், கடைசல் கருவி அங்கே தாண்டித் தாண்டிப் போகும். வட்டம் கெட்டிருந்தால் கடைந்துகொள், ஆனால் பழைய விட்டத்துக்கு மேல் 0.060 இன்ச், அதாவது ஒன்றரை மி.மீ. தாண்டாதே. மெலிந்த டிரம் சூட்டை வாங்காது, விரிந்து பெடல் கீழே போகும். ஒரே ஆக்சிலின் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடை.

லைனிங்: ரிவிட் அடிக்கும் வகை. மலைக்கு நெய்த லைனிங்கைவிட வார்த்த லைனிங் நல்லது, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று கேட்டு வாங்கு. ரிவிட்டை நடுவிலிருந்து தொடங்கி இரு முனைக்கும் மாறி மாறி அடித்துப் போ. முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பி நிற்கும், மிதிக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும், ஏர் எடுத்துக்கொண்டே இருப்பாய். ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவில் காகிதம் கூட நுழையக் கூடாது. கடைந்த டிரம் விட்டத்துக்கு ஏற்ப லைனிங்கின் வளைவை அரைத்துப் பொருத்தச் சொல். டிரம்மில் ஷூவை வைத்தால் நடுவில் தொட்டு, முனைகளில் கால் மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். முனை மட்டும் தொட்டால் கத்தும், கவ்வும்.

அட்ஜஸ்ட்மென்ட் இரண்டு இடத்தில் உண்டு. கீழே ஒவ்வொரு ஷூவுக்கும் தனி ஆங்கர் பின், அது எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகியது. மேலே ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு கேம். புது லைனிங் போட்டதும் முதலில் ஆங்கரைத் திருப்பி, ஆங்கர் பக்க முனையில் சுமார் 0.15 மி.மீ., மேல் முனையில் சுமார் 0.3 மி.மீ. ஃபில்லர் நுழையும்படி வை. பிறகு ஆங்கர் லாக் நட்டை இறுக்கிவிடு, அடுத்த லைனிங் வரை அதைத் தொட வேண்டியதில்லை. அன்றாடத் தேய்மானத்துக்கு மேல் கேம் மட்டும்: ஷூ உரசும் வரை திருப்பி, சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும் வரை திரும்ப விடு. பெடல் கீழே போகிறது என்று ஆங்கரைத் திருப்பிவிடும் ஆட்கள் உண்டு. ஷூவின் ஒரு முனை மட்டும் தேய்ந்து வந்தால் காரணம் அதுதான்.

பெடலுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவில் விளையாட்டு இருக்க வேண்டும். பெடல் நுனியில் 2 நூல் முதல் 4 நூல் வரை, அதாவது கால் இன்ச் முதல் அரை இன்ச். இது இல்லாவிட்டால் லேத்காரர் சொன்ன சின்னத் துளையை கப் எப்போதும் மூடியே இருக்கும்.

ஆறுசக்கரம்:

என்னிடம் டபிள்யூ.சி. 63, ஒன்றரை டன், ஆறு சக்கரம். வண்டிப்பெரியாறு. அதில் எஞ்சின் வேக்யூமில் வேலை செய்யும் ஹைட்ரோவாக் பூஸ்டர் இருக்கு. டப்பாவில் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. புகைபோக்கியில் வெள்ளைப் புகை.

குமுளி கியர்:

ஹைட்ரோவாக்கின் ஹைட்ராலிக் பக்க சீல் போய்விட்டது. ஆயிலை வேக்யூம் இழுத்து எஞ்சினில் எரிக்கிறது. எஞ்சின் நின்ற பின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமாக இருக்கும். வண்டியை ஓட்டாதீர்கள், ஆயில் தீர்ந்ததும் ஒரே மிதிப்பில் பெடல் தரைக்குப் போகும்.

பழைய ஹைட்ரோவாக்கில் வேக்யூம் பிஸ்டனுக்குத் தோல் பேக்கிங். அதற்கென்று உள்ள மெல்லிய வேக்யூம் சிலிண்டர் எண்ணெய் போட்டு வைக்க வேண்டும், காய்ந்தால் சுருங்கும். அதன் காற்று வடிகட்டி அடைத்தால் பிரேக் தாமதமாக விடும். பிரித்து மாட்டிய பின் சோதனை: எஞ்சின் நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து வேக்யூமைத் தீர்த்து, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. ஏர் எடுக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, வேக்யூம் தீர்ந்திருக்க வேண்டும். முதலில் ஹைட்ரோவாக்கின் நிப்பிள்கள் (காற்றை வெளியே விடும் திருகுகள்), அப்புறம் சக்கரங்கள்.

மலையிறக்கம்:

ஆயில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்த பின் 140. டாட் 4 புதிதில் 230, ஈரத்தில் 155. இவை இரண்டும் கிளைகால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. டாட் 5 சிலிகோன், புதிதில் 260, ஈரத்தில் 180, ஈரத்தைக் குடிக்காது, பெயின்டைக் கெடுக்காது. அமெரிக்க ராணுவமே 1980-களில் தன் வண்டிகளைச் சிலிகோனுக்கு மாற்றியது. நிறுத்தி வைக்கும் பழைய வண்டிக்குச் சிலிகோன்தான் சரி என்று நினைக்கிறேன்.

போடி பட்டறை:

மாசத்துக்கு ஒருமுறை மலை இறங்கும் வண்டிக்கு நான் டாட் 4 என்பேன். சிலிகோன் ஈரத்தைக் குடிக்காது, சரி. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகும்? சொட்டாகச் சேர்ந்து தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில் போய் நிற்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். டிரம் சூடாகும் இடமும் அதுதான். இரண்டாவது, வழியில் ஆயில் குறைந்தால் சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ கடையில் கிடைப்பது டாட் 3 அல்லது 4. சிலிகோனோடு அது கலக்காது, தனித்தனியாக நிற்கும். மூன்றாவது, இந்த வண்டியில் பிரேக் லைட் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது, சிலிகோனில் அந்தச் சுவிட்ச் சீக்கிரம் செயலிழக்கும்.

மலையிறக்கம்:

ஓட்டும் வண்டிக்கு உங்கள் வாதம் சரிதான். ஒரு திருத்தம் மட்டும்: டாட் 4 ஊற்றினால் வருஷம் ஒரு முறை முழுசும் மாற்றியே ஆகணும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் மாற்றுவது வசதி. திறந்து வைத்த பாதி டப்பாவை அடுத்த வருஷம் ஊற்றக் கூடாது.

ஏலக்காட்டு டாட்ஜ்:

டாட் 4 என்று முடிவு செய்கிறேன். இரட்டை சர்க்யூட்?

லேத் உக்கடம்:

செய்யலாம். ஆனால் கண்ணில் பட்ட மாஸ்டரை மாட்ட முடியாது. கணக்கு பாருங்கள். காலால் 50 கிலோ, பெடல் விகிதம் 5-க்கு 1 என்றால் பிஸ்டன் மேல் 250 கிலோ. ஒன்றேகால் இன்ச் போருக்குப் பரப்பு 7.9 சதுர செ.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 31.6 கிலோ. ஒரு இன்ச் போருக்குப் பரப்பு 5.07, அழுத்தம் 49. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ள ஒரு இன்ச் பிஸ்டன் 1.56 மடங்கு தூரம் போக வேண்டும். பழையது 25 மி.மீ. போனால் இது 39 மி.மீ. அதற்குள் பிஸ்டன் முட்டிவிட்டால் பெடல் தரைக்குப் போய் ஷூ டிரம்மைத் தொடாது. பெரிய டிரம் வண்டிக்குக் கார் மாஸ்டர் மாட்டிப் பிரேக் இல்லாமல் போவது இப்படித்தான். பழைய போர் அளவுக்குச் சமமான போரும், போதுமான ஓட்ட தூரமும் உள்ள டேண்டம் (இரட்டை சர்க்யூட்) மாஸ்டர் தேடுங்கள்.

டிரம் பிரேக்குக்கு லைனில் எப்போதும் 0.5 முதல் 0.8 பார் வரை அழுத்தம் தங்க வேண்டும், கப் உதடு சிலிண்டரோடு ஒட்டியிருக்க. பழைய மாஸ்டரின் வாயில் உள்ள வால்வு அதைச் செய்கிறது. டிஸ்க்குக்கான டேண்டமில் அது இருக்காது, முன் லைனிலும் பின் லைனிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

மலையிறக்கம்:

ஆர்.சி. விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறும் மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று வி.ஏ. வரிசையில் பதிய நினைத்தால், சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. விண்டேஜ் பதிவில் வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. சேஸியை வெட்டாமல், பழைய போல்ட் துளைகளில் பிளேட் வைத்து டேண்டம் மாட்டி, பழைய மாஸ்டரைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. மாட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

என் கருத்து, மலை இறங்கும் வண்டிக்கு டேண்டம் வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஒற்றை சர்க்யூட்டுக்கு மாற்று வழி எதுவும் கிடையாது, ஷாஃப்டில் உள்ள ஹேண்ட் பிரேக் ஓடும் வண்டியை நிறுத்த உதவாது, சூட்டில் பட்டை எரியும், திடீரென்று இழுத்தால் ஷாஃப்டின் யு-ஜாயின்ட் உடையலாம்.

போடி பட்டறை:

அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தம்பி, முதலில் ஒற்றை சர்க்யூட்டை முழுசும் சரி செய்து சமவெளியில் ஓட்டிப் பார். அடிப்படை சரியாக இல்லாத வண்டியில் டேண்டம் மாட்டினால், குறை எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏர் எடுப்பது: மாஸ்டரை மாட்டும் முன்பே வைஸில் பிடித்து, டப்பா நிரப்பி, வாயில் விரல் வைத்துப் பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் குமிழி நிற்கும் வரை செய். ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் முடித்துவிடு, இல்லாவிட்டால் ஏர் எவ்வளவு எடுத்தாலும் பெடல் மேலே வராது. இடப்பக்க ஸ்டியரிங் வண்டி, ஆகவே தூரமான வலது பின்சக்கரம் முதலில், பிறகு இடது பின், வலது முன், இடது முன். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கு. ஒருவர் மெதுவாக மிதிக்க, இன்னொருவர் திறந்து, பெடல் தரை தொடும் முன் மூட வேண்டும். வேகமாகப் பம்ப் செய்தால் காற்று நுரையாகிக் கலந்துவிடும். மாஸ்டர் தரைக்கு அடியில் இருப்பதால் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திற. மூடியில் சின்னக் காற்றுத் துளை உண்டு, அது அடைத்தால் ஆயில் இறங்காது. நிரப்ப, கழுவ எல்லாம் சேர்த்து 2 லிட்டர் வாங்கி வை.

முடிந்ததும் ஒருவர் முழு பலத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்கட்டும்.

பெடல் பஞ்சு மாதிரி: காற்று, அல்லது லைனிங் ஷூவில் சரியாக உட்காரவில்லை. முதல் மிதிப்பு கீழே, இரண்டாவது மிதிப்பு மேலே: கேம் அட்ஜஸ்ட்மென்ட் போதவில்லை. பிடித்தால் மெதுவாக இறங்குகிறது, வெளியே ஈரம் இல்லை: மாஸ்டரின் முன் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது, அந்தப் போரை மறுபடி அளந்து பார்.

ஆறுசக்கரம்:

இறங்கும்போது பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்காமல் போனால் அதுவும் ஆயில் கொதிப்பதா?

போடி பட்டறை:

இல்லை. பெடல் கடினமாக இருந்து வண்டி போனால் லைனிங் சூட்டில் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று தரைக்குப் போனால்தான் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் வேலை, எஞ்சினும் கியரும் இருக்கும்போதே வண்டியை மெதுவாக்கி ஓரம் கட்டி ஆற விடுவது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, வெடிக்கும்.

முக்கால் டன் டாட்ஜில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு லோ ரேஞ்ச் கிடையாது, உங்கள் டபிள்யூ.சி. 63-இல் உண்டு. கியர்பாக்ஸில் கியரை எளிதாக இணைய வைக்கும் சிங்க்ரோவும் இல்லை. பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பின் கியரைக் குறைக்க முயன்றால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வாய். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டும் முன்பே இரண்டாவது கியரில் போட்டு இறங்கு. பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, காலை அதிலேயே வைத்திருக்காதே.

முதல் 200 கி.மீ. சமவெளியில், மிதமான மிதிப்பில் லைனிங்கைப் படியவிடு. பிறகு கேம் மறுபடி அட்ஜஸ்ட் செய்து, நட்டுகளை இறுக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் நாலு ஹப்பையும் கை வைத்துச் சூடு ஒப்பிடு. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த ஷூ விடவில்லை, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த சிலிண்டருக்கு ஆயில் போகவில்லை.

ஏலக்காட்டு டாட்ஜ்:

வலது பின்சக்கர ஈரத்தை மோந்து பார்த்தேன், கியர் ஆயில். நாலு ஆயில் சீலும் பழைய அளவோடு எடுத்து வைக்கிறேன். மாஸ்டரும் வீல் சிலிண்டர்களும் உக்கடத்துக்கு அனுப்பப் போகிறேன். கப், வால்வு, ஸ்பிரிங் எல்லாம் உள்ளேயே விட்டு அனுப்பலாமா, கழற்றி அனுப்பவா?

லேத் உக்கடம்:

கழற்ற வேண்டாம். பிஸ்டன், கப், ஸ்பிரிங், வால்வு எல்லாம் இருந்த வரிசையிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு சிலிண்டரிலும் எந்தச் சக்கரம் என்று சீட்டு கட்டுங்கள். பழைய பைப் நட்டுகளையும் ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள், மரை அளந்து பார்த்துவிடலாம். வாய்களை அடைத்து அனுப்பினால் போதும், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.